மளிகைக்கடைக்காரர் மகன் அளந்த விண்மீன்கள்

இளைஞர்களின் அறிவுதான் நாட்டின் செல்வம் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். அந்த அறிவு எந்த வீட்டில் பிறக்கிறது, எந்த வாசலில் தடுக்கப்படுகிறது, யார் கைகொடுத்தால் மேலே வருகிறது என்பதைப் பேசுபவர்கள் குறைவு. உலகம் முழுவதும் வானியல் மாணவர்கள் படிக்கும் ஒரு சமன்பாட்டை 27 வயதில் தந்தவர் மேகநாத் சாஹா. அவருடைய வாழ்க்கையைப் படித்தால் இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்.

இன்றைய வங்கதேசத்தின் தலைநகரான டாக்காவுக்கு அருகில் சேவ்ராதலி என்றொரு கிராமம். மழைக்காலம் வந்தால் சுற்றுவட்டாரமே வெள்ளக்காடாகிவிடும். 1893 அக்டோபர் 6 அன்று அங்கே சாஹா பிறந்தார். தந்தை ஜகந்நாத் ஊரில் சிறிய மளிகைக்கடை வைத்திருந்தார். தாய் புவனேஸ்வரி. எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது.

சாஹாக்கள் சிறு வியாபாரம் செய்து பிழைத்தவர்கள். இன்றைய பட்டியல் சாதிகளில் அவர்கள் இடம்பெறவில்லை என்றாலும், அன்றைய வங்கத்தின் சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டிருந்தார்கள். மேல்சாதியார் அவர்களோடு உட்கார்ந்து உண்ண மாட்டார்கள். தீண்டாமையின் அளவு ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி மாறும். ஆனால் சாப்பாட்டுத் தட்டில் அது தன்னைக் காட்டிக்கொள்ளும் விதம் எங்கும் ஒன்றுதான்.

பிறந்த அன்று இடியும் மழையுமாக இருந்ததால் மேகங்களின் தலைவன் என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். வளர்ந்தபின் அவர் அந்தப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டார். மேகம்போல் முழங்குபவன் என்று பொருள் மாறியது. அது இராவணன் மகன் இந்திரஜித்தின் பெயர். தமிழில் எழுதும்போது இந்த வேறுபாடு தெரியாது. வங்க எழுத்தில் தெரியும். தேவர்களின் தலைவனை விட்டுவிட்டு, அவனை வென்ற அரக்கர் குலத்தவனின் பெயரை ஓர் இளைஞர் ஏன் எடுத்துக்கொண்டார் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

தட்டும் மாடும்

ஊரில் தொடக்கப்பள்ளி மட்டும்தான் இருந்தது. அது முடிந்ததும் பையனைக் கடையில் உட்கார வைக்கத் தந்தை நினைத்தார். மூத்த அண்ணன் ஜெய்நாத் படித்தும் தேறாமல் சணல் ஆலையில் வேலைக்குப் போயிருந்தார். படிப்பால் இந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைத்துவிட்டது என்பது தந்தையின் கணக்கு. ஏழை வீட்டில் அது தவறான கணக்கும் இல்லை.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் விடவில்லை. பையன் கணக்கில் கெட்டிக்காரன், மேலே படிக்க வையுங்கள் என்று வீட்டாரிடம் பேசினார்கள். ஜெய்நாத் அலைந்து ஒரு வழி கண்டுபிடித்தார். 10 கிலோமீட்டர் தொலைவில் சிமுலியா என்ற ஊரில் நடுநிலைப்பள்ளி இருந்தது. அங்கே அனந்தகுமார் தாஸ் என்ற மருத்துவர் தன் வீட்டில் இலவசமாகத் தங்கவைத்துச் சோறு போட ஒப்புக்கொண்டார். இரண்டு நிபந்தனைகள். மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்க வேண்டும்.

மாடு பார்ப்பது வாடகைக்கு ஈடாகச் செய்யும் வேலை. தட்டு அப்படியல்ல. அந்த வீட்டில் வேறு யாரும் அவர் தட்டைத் தொட மாட்டார்கள் என்பதுதான் அதன் பொருள். அந்த மருத்துவரின் உதவியை சாஹா கடைசிவரை நன்றியோடு நினைத்தார். நன்றி நன்றியாக இருக்கட்டும். உதவி செய்யும் கையிலும் சாதி இருந்தது என்பதையும் நாம் சேர்த்தே குறித்துவைக்க வேண்டும்.

நடுநிலைப்பள்ளித் தேர்வில் டாக்கா மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார் சாஹா. மாதம் 4 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. சணல் ஆலைச் சம்பளத்திலிருந்து அண்ணன் மாதம் 5 ரூபாய் அனுப்பினார். அந்தப் பணத்தை நம்பி 1905இல் டாக்கா அரசுப் பள்ளியில் சேர்ந்தார்.

அதே ஆண்டில் ஆங்கிலேய அரசு வங்கத்தை இரண்டாகப் பிரித்தது. ஊரெங்கும் எதிர்ப்பு. ஆளுநர் பள்ளியைப் பார்வையிட வந்தபோது மாணவர்கள் புறக்கணித்தார்கள். அவர்களில் 12 வயது சாஹாவும் ஒருவர். பள்ளியிலிருந்து நீக்கினார்கள், உதவித்தொகையும் போனது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு தண்டனை. இவருக்கு அது படிப்பின் முடிவாகவே ஆகியிருக்கும். கிஷோரிலால் ஜூபிலி பள்ளி என்ற தனியார் பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டதால் படிப்பு தொடர்ந்தது. 1909இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்க மாணவர்களில் முதலாவதாக வந்தார்.

விடுதியின் சாப்பாட்டு அறை

டாக்கா கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்தபின் 1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரிக்கு வந்தார். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள். பின்னாளில் ஐன்ஸ்டைனோடு பெயர் சேர்த்துச் சொல்லப்பட்ட சத்யேந்திரநாத் போஸ் வகுப்புத் தோழர். இந்தியாவின் மிகச் சிறந்த அறிவியல் வகுப்பறை அன்று அதுதான்.

அந்த வகுப்பறையில் படித்த மாணவர்களே தங்கிய ஈடன் இந்து விடுதியில் நடந்தது வேறு. சாஹா தங்களோடு ஒரே அறையில் சாப்பிடக் கூடாது என்று உயர்சாதி மாணவர்கள் சிலர் எதிர்த்தார்கள். சரஸ்வதி பூசையிலும் அவரை ஒதுக்கி வைத்தார்கள். கல்விக்கே தெய்வம் என்று வணங்கப்படுபவளின் பூசையில், விடுதியின் மிகச் சிறந்த மாணவர்களில் ஒருவருக்கு இடமில்லை. அவர் விடுதியை விட்டு வெளியேறி வேறிடத்தில் தங்கிப் படித்தார். பட்டப்படிப்பிலும் முதுகலையிலும் போஸ் முதலிடம், சாஹா இரண்டாமிடம்.

படிப்பு முடிந்ததும் அவர் முதலில் தேடியது நிதித்துறை அரசு வேலையை. தம்பியைப் படிக்க வைக்கவேண்டும், வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டும். புரட்சிக்காரர்களோடு பழகியவர் என்று சொல்லி அரசு தேர்வெழுத அனுமதி மறுத்தது. சைக்கிளில் நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய் டியூஷன் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். அப்போது கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அசுதோஷ் முகர்ஜி புதிதாக அறிவியல் கல்லூரி தொடங்கி, இளைஞர்களைத் தேடிப் பிடித்து ஆசிரியர்களாக்கிக்கொண்டிருந்தார். 1916இல் சாஹாவும் போஸும் அங்கே சேர்ந்தார்கள். நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. புத்தகங்களும் குறைவு. பாடம் நடத்துவதற்காகத் தாங்களே படித்துக்கொண்டார்கள். ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்துப் பல்கலைக்கழகம் மூலம் நூலாக வெளியிட்டார்கள்.

27 வயதின் சமன்பாடு

விண்மீன் ஒளியை முப்பட்டகம் போன்ற கருவிவழியே பிரித்தால் நிறங்களுக்கு நடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள். ஒரு விண்மீனில் தெரியும் கோடு இன்னொன்றில் ஏன் தெரியவில்லை? அங்கே அந்தத் தனிமமே இல்லையா? இதுதான் அன்று விடை தெரியாத கேள்வி. விண்மீன்களைக் கோடுகளை வைத்து வகை வகையாகப் பிரித்து வைத்திருந்தார்கள், காரணம் தெரியவில்லை.

சாஹா இப்படி யோசித்தார். வெப்பம் ஏற ஏற அணு தன் எலக்ட்ரானை இழக்கும். எலக்ட்ரானை இழந்த அணு வேறு கோடுகளைத் தரும். எத்தனை அணுக்கள் அப்படி இழந்திருக்கும் என்பதை வெப்பநிலையையும் அழுத்தத்தையும் கொண்டு கணக்கிட முடியும். ஆகவே, கோடு இல்லாததால் தனிமம் இல்லை என்று ஆகாது. வெப்பநிலை வேறு என்பதே பொருள். வேதியியலில் ஒரு பொருள் சிதைவதற்குப் போடும் கணக்கை அணுவுக்குப் போட்டுப் பார்த்த துணிச்சல் அது. 1920இல் கட்டுரை வெளியானது. அன்றிலிருந்து ஒளியைக் கொண்டு விண்மீனின் வெப்பத்தை அளக்க முடிந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்த சிசிலியா பெய்ன் இந்தச் சமன்பாட்டைப் பயன்படுத்தித்தான் விண்மீன்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜனும் ஹீலியமும் என்று காட்டினார். அவருக்கு அப்போது வயது 25.

1923இல் சாஹா அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1927இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை.

கையையும் மூளையையும் பிரித்த சாதி

இத்தோடு நின்றிருந்தாலும் அவர் பெரிய மனிதர்தான். ஆனால் வெள்ளத்திலும் வறுமையிலும் வளர்ந்தவரால் விண்மீன்களோடு நிற்க முடியவில்லை. 1935இல் அறிவியலும் பண்பாடும் பற்றிய மாத இதழ் ஒன்றைத் தொடங்கினார். ஆறுகள், மின்சாரம், தொழிற்சாலை, பஞ்சம் என்று நாட்டின் பிரச்சினைகளை எண்களோடு எழுதினார். 1938இல் சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது தேசியத் திட்டக் குழு அமைவதற்குத் தூண்டுதலாக இருந்தவர்களில் சாஹா முக்கியமானவர். நேரு தலைமையிலான அந்தக் குழுவில் எரிபொருள், மின்சாரம் பற்றிய பொறுப்பு அவரிடம் வந்தது.

சாதியைப் பற்றி அவர் வைத்த விமர்சனம் இங்கே முக்கியம். சாதி இந்த நாட்டில் கையையும் மூளையையும் தனித்தனியாக வெட்டிப் போட்டது என்றார் அவர். நெசவு நெய்பவர், உலோகம் உருக்குபவர், தோல் பதனிடுபவர் ஆகியோருக்குப் படிப்பு மறுக்கப்பட்டது. படித்தவர்கள் கருவியைத் தொடுவதை இழிவாக நினைத்தார்கள். புதிய கருவி பிறக்க இரண்டும் ஒரே ஆளிடம் சேரவேண்டும். சேரவிடாமல் செய்த சமூகம் பின்தங்கியதில் வியப்பில்லை. புதுமை, கண்டுபிடிப்பு என்றெல்லாம் இன்று நாம் பேசும் பேச்சில் விடுபட்டுப்போகும் செய்தி இதுதான். எல்லாமே பழைய வேதங்களில் இருக்கிறது என்று சொன்னவர்களோடும் அவர் எழுத்தில் மோதினார்.

1943இல் தாமோதர் ஆறு பெருக்கெடுத்தது. அதை ஆராய அமைக்கப்பட்ட குழுவில் சாஹா உறுப்பினர். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கில் செய்ததுபோல ஒரே திட்டத்தில் வெள்ளத்தைத் தடுத்து, பாசனமும் மின்சாரமும் தரலாம் என்று அவர் வலியுறுத்தினார். அப்போது வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து நீர்ப்பாசனம், மின்சாரத்தைக் கவனித்தவர் அண்ணல் அம்பேத்கர். மத்திய, மாகாண அரசுகளைக் கூட்டி உட்காரவைத்துத் தாமோதர் திட்டத்தை முன்னெடுத்தவர் அவர். தண்ணீர்க் குடம் மறுக்கப்பட்டவரும் சாப்பாட்டு அறை மறுக்கப்பட்டவரும் சிந்தித்த திட்டம், 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகமாக உருவெடுத்தது.

கல்கத்தாவில் சாஹா தொடங்கிய அணு இயற்பியல் நிறுவனம் 1950இல் திறக்கப்பட்டது. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1952இல் சுயேச்சையாகப் போட்டியிட்டு மக்களவைக்குப் போனார். கிழக்கு வங்க அகதிகளுக்காகவும் திட்டமிடலுக்காகவும் பேசினார். நாட்டில் புழங்கிய 30 விதமான பஞ்சாங்கங்களை ஆராய்ந்து பொது நாட்காட்டி வகுத்த குழுவுக்கும் அவரே தலைவர். அந்தத் தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22இல் நடைமுறைக்கு வந்தபோது அவர் இல்லை. 1956 பிப்ரவரி 16 அன்று டெல்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பால் விழுந்து இறந்தார். வயது 62.

எத்தனை கைகள்

இந்த வாழ்க்கையில் வந்த உதவிகளை எண்ணிப் பாருங்கள். தந்தையிடம் பேசிய தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள். ஆலைக் கூலியில் பங்கு தந்த அண்ணன். சோறு போட்ட மருத்துவர். 4 ரூபாய் உதவித்தொகை. விரட்டப்பட்டவரைச் சேர்த்துக்கொண்ட ஒரு பள்ளி. வேலை கொடுத்த ஒரு பல்கலைக்கழகம். இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் சேவ்ராதலியில் ஒரு மளிகைக்கடைக்காரர் கூடுதலாக இருந்திருப்பார். இழப்பு என்னவென்று நமக்குத் தெரிந்தே இருக்காது.

பட்டியல் சாதி மாணவர்களின் மேற்படிப்புக்கான உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அம்பேத்கர் அரசில் இருந்து பெற்றுத் தந்தது அது. சேரியிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அதுதான் சாஹாவின் 4 ரூபாய். அது ஒரு மாதம் தாமதமானாலும், விடுதிச் சோறு உண்ண முடியாததாக இருந்தாலும், அதை நலத்திட்டக் குறை என்று மட்டும் எழுதிக் கடந்துவிட முடியாது. நாடு தன் அறிவைத் தானே வீணாக்குகிற கணக்கு அது.

மாணவர்களே, உங்களுக்கு உரிய உதவித்தொகைக்கு நேரத்தில் விண்ணப்பியுங்கள். வராவிட்டால் கூட்டாகப் போய்க் கேளுங்கள். சாஹாவுக்கு ஜெர்மன் மொழி கைகொடுத்ததுபோல பாடப்புத்தகத்துக்கு வெளியே ஏதேனும் ஒன்றைக் கற்றுவையுங்கள். பெற்றோர்களே, படிப்பை நிறுத்திப் பிள்ளையை வேலைக்கு அனுப்ப முடிவெடுக்கும் முன் அந்தப் பிள்ளையின் ஆசிரியரிடம் ஒருமுறை பேசுங்கள். ஆசிரியர்களே, அவர்கள் வராவிட்டால் நீங்கள் அந்த வீட்டுக்குப் போங்கள். சேவ்ராதலியில் யாரோ சிலர் அப்படித்தான் போனார்கள்.