ஜாக்சன் துரை தெரியும்... லூஷிங்டன் துரை தெரியுமா?

கட்டபொம்மன்னு சொன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருவாங்க? முதல்ல சிவாஜி கணேசன், அடுத்து ஜாக்சன் துரை. 1959-ல் வந்த படம் ஜாக்சனை நம்ம மனசுல நிரந்தர வில்லனா உட்கார வெச்சிடுச்சு. ஆனா, கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டப்போ ஜாக்சன் கலெக்டரே இல்லை!

1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் இருவரும் சந்தித்தது கைகலப்பில் முடிந்தது. லெப்டினன்ட் கிளார்க் உயிரிழந்தார். விசாரணைக்குப் பிறகு, கம்பெனி ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கியது. அந்த நாற்காலிக்கு வந்தவர்தான் ஸ்டீபன் ரம்போல்ட் லூஷிங்டன். பிறந்தது 1776. பாளையக்காரர்களிடம் கிஸ்தி வசூலிக்க வந்தப்போ வயசு வெறும் 22! இன்னைக்கு நம்மில் பலர் காலேஜ் முடிச்சு வேலை தேடுற வயசு.

அவருடைய மாமனார் யார் தெரியுமா? 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை வீழ்த்திய ஜெனரல் ஹாரிஸ். திப்பு சுல்தான் மறைந்ததும் கம்பெனிப் படைக்கு மைசூர் கவலை தீர்ந்தது. பார்வை தெற்கே திரும்பியது. செப்டம்பரில் மேஜர் பானர்மேன் படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்துட்டார். அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். தீர்ப்பு சொன்னது பானர்மேன். வரி நிர்வாகம் இருந்தது லூஷிங்டன் கையில்.

கதை அதோட முடியலை. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிக்கப்பட்ட கோட்டை மறுபடி எழும்பியது. மே மாதம் அதுவும் விழுந்தது. ஜூலை 31-ல் நவாப்போடு போட்ட ஒப்பந்தத்தால் ஆட்சி உரிமை முழுசா கம்பெனிக்கு வந்தது. தாமிரபரணித் தண்ணியில் விளைஞ்ச கார், பிசான நெல்லுக்கான வரியும்தான். திருநெல்வேலி கலெக்டர்? அதே லூஷிங்டன்.

அப்புறம் அவர் கிராஃப் ஏறுமுகம்தான். 1807-ல் பிரிட்டிஷ் எம்.பி. அடுத்து லண்டனில் கருவூலச் செயலாளர். 1827 ஜூலையில் கவர்னர் தாமஸ் மன்றோ காலராவில் இறந்துபோக, அக்டோபரில் சென்னை மாகாண கவர்னராகவே திரும்பி வந்தார். ஐந்து வருஷ ஆட்சியில் அவருக்கு ரொம்பப் பிடிச்ச ஊர் ஊட்டி. வெள்ளைக்காரர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ளும் மலை வாசஸ்தலமாக அதை வளர்த்தெடுத்தார். குன்னூர் வழியா மலைப்பாதை போடப்பட்டதும் அவர் காலத்தில்தான்.

நீங்க செல்ஃபி எடுக்கிற ஊட்டியில் 'லூஷிங்டன் ஹால்' என்ற பெயர் இன்னும் இருக்கு. நெல்லையிலிருந்து கோவில்பட்டி போற வழியில், கயத்தாறில் கட்டபொம்மன் சிலை இருக்கு. தூக்கு மேடை ஏறியபோது அவருக்கு வயது 39. லூஷிங்டன் 1868-ல் தன் 92-வது வயதில் இறந்தார். அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா, கயத்தாறில் ஐந்து நிமிஷம் வண்டியை நிறுத்துங்க. கூட வர்றவங்க ஜாக்சன் துரை பேரை எடுத்தா, லூஷிங்டன் கதையையும் சேர்த்துச் சொல்லுங்க!