மங்கையர்க்கரசி மங்கம்மாள்

பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளில் ஐரீன் என்றொரு அரசி இருந்தாள். கி.பி. 780-இல் கணவன் இறந்தபோது மகனுக்கு வயது ஒன்பது. அவன் பெயரால் ஆளத் தொடங்கியவள், அவன் வளர்ந்து அரியணைக்கு உரிமை கோரியதும், 797-இல் பெற்ற மகனின் கண்களையே பறிக்கச் செய்து தனியரசியானாள். வரலாற்று வகுப்பில் இதைக் கேட்டபோது, நம் மதுரைச் சீமையின் மங்கம்மாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இங்கே நடந்ததோ நேர்மாறு!

மங்கம்மாள் சொக்கநாத நாயக்கரின் தேவி. தளபதி துப்பாக்குல லிங்கம நாயக்கரின் மகள். தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றிய சொக்கநாதர், அங்கே மாளிகை எழுப்புவதற்காகப் பாட்டனார் திருமலை நாயக்கர் மதுரையில் கட்டிய அரண்மனையின் பகுதிகளைப் பெயர்த்தெடுத்தார். இன்று நாம் மதுரையில் அண்ணாந்து பார்த்து வியக்கும் தூண்கள் அந்த இடிப்பில் தப்பியவையே.

1682-இல் சொக்கநாதர் மறைந்தார். மங்கம்மாள் உடன்கட்டை ஏறவில்லை. மகன் அரங்க கிருஷ்ண முத்து வீரப்பனுக்குத் துணையாக நின்றாள். ஏழே ஆண்டுகளில் அம்மை நோய் அவனையும் கொண்டுபோயிற்று. அவன் மனைவி முத்தம்மாள் அப்போது நிறைகர்ப்பிணி. ஆண்மகவை ஈன்ற சில நாட்களில் அவளும் கணவனைத் தொடர்ந்தாள். கணவன், மகன், மருமகள் மூவரையும் இழந்தவளின் கையில் எஞ்சியது ஒரு பச்சிளங்குழந்தை. அந்தப் பேரன் விசயரங்க சொக்கநாதனுக்கு முடிசூட்டி, 1689 முதல் அவன் பெயரால் நாட்டை ஆண்டாள் பாட்டி.

நாடோ நாற்புறமும் பகை சூழ்ந்து கிடந்தது. தஞ்சை மராட்டியர் கையில். நம் கொங்குச் சீமையின் பெரும்பகுதி மைசூர்ச் சிக்கதேவராயர் வசம். வடக்கே ஔரங்கசீப்பின் படை. மொகலாயருடன் மோதுவது தற்கொலைக்கு ஒப்பாகும் என்பதை உணர்ந்து கப்பம் கட்டினாள். இதைக் கோழைத்தனம் என்பாரும் உண்டு. அதே மங்கம்மாள்தான் திருவிதாங்கூர் மீதும் தஞ்சை மீதும் தளவாய் நரசப்பையாவை ஏவி வென்றவள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மைசூரார் காவிரியை அணையிட்டுத் தடுத்தபோது, நேற்றுவரை பகைவராயிருந்த தஞ்சையாரோடு கைகோத்துப் போருக்குப் புறப்பட்டாள். ஆற்று வெள்ளமே அணையை உடைத்துவிட்டதால் வாளுக்கு வேலை இல்லாமற் போயிற்று! ஆனால், 1702-இல் இராமநாதபுரத்துச் சேதுபதியிடம் மட்டும் தோற்றாள்; தளவாயையும் அப்போரில் இழந்தாள்.

போரைவிட அவள் பெயரைக் காத்தவை சாலைகளும் சத்திரங்களுமே. இடக்கையால் வெற்றிலை போட்டுக்கொண்ட பிழைக்குப் பரிகாரமாகத்தான் இத்தனை அறங்களும் செய்தாள் என்று மக்கள் ஒரு கதை கட்டினார்கள். கதை கிடக்கட்டும், வணிகமும் யாத்திரையும் தழைக்க வழி தேவை என்பதை அறிய வெற்றிலையா வேண்டும்? மதுரை ரயில் நிலையத்தின் எதிரே மங்கம்மாள் சத்திரம் அவள் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவளுடைய தமுக்கம் மாளிகையில் 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம் நடந்து வருகிறது. கோயிலுக்கு அள்ளிக் கொடுத்தவள், 1701-இல் திருச்சித் தர்காவுக்கும் மானியம் விட்டாள். கிறித்தவப் பாதிரிமாரையும் மதித்து வரவேற்றாள்.

பேரன் வளர்ந்தான். ஆட்சியை உரிய காலத்தில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை என்றொரு குறை எழுந்தது. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். பதினேழு ஆண்டுகள் சுமந்த பாரத்தை இறக்கிவைப்பது எளிதன்று. 1706-இல் அவள் ஆட்சி முடிந்தது. பேரனின் ஆட்கள் அவளைச் சிறைவைத்து, உணவைக் கண்ணில் படும்படி, கைக்கு எட்டாத தொலைவில் வைத்துப் பட்டினியால் கொன்றார்கள் என்று மதுரையில் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில் திருக்கல்யாண ஓவியம் ஒன்று உண்டு. அதில் மங்கம்மாள் கைகூப்பி நிற்கிறாள். உடன் சிறுவன் விசயரங்கனும் இருக்கிறான். மதுரை செல்லும் நண்பர்கள் பொற்றாமரைக் குளத்தோடு திரும்பிவிடாமல் சற்றுத் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு வரவேண்டும்.