தையற்காரர் மகனும் நாகசுர ஒலியும்

கணிதத் துறை மாணவர்களாகிய எங்களுக்கு ஃபூரியர் என்றதும் பத்து மதிப்பெண் வினா ஒன்றுதான் நினைவுக்கு வரும். அவரும் அஞ்சியிருப்பார், மனம் நொந்திருப்பார் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. சென்ற விடுமுறையில், தந்தையார் பாதுகாத்து வரும் நாகசுரக் குறுந்தகட்டிலிருந்து நான்கு நிமிட இசையைக் கணினியில் ஏற்றினேன். நாற்பது மெகாபைட்டுக்கு மேல் இடம் பிடித்தது. எம்.பி.3 ஆக மாற்றியதும் நான்குக்குள் அடங்கிவிட்டது! பத்தில் ஒன்பது பங்கு போன பின்னும் நாகசுரம் நாகசுரமாகவே ஒலிப்பது எங்ஙனம்? விடை தேடப் போய் இம்மனிதரின் வாழ்வில் வந்து நின்றேன்.

ஜோசப் ஃபூரியர் 1768 மார்ச் 21இல் பிரான்சு நாட்டின் ஓசேர் நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். பத்து வயது அளவிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தார். துறவியர் நடத்திய படைப்பள்ளியில் கற்று, பின் அங்கேயே ஆசிரியரானார். புரட்சிக் காலத்தில் 1794இல் சிறைப்பட்டார். ரோபஸ்பியர் வீழ்ந்ததால் விடுதலை பெற்றார். 1798இல் நெப்போலியனுடன் எகிப்து சென்றார். திரும்பியதும் கிரெனோபிள் நகரிலிருந்து ஆட்சி செய்யும் மாவட்டத் தலைவர் பதவி வந்தது. சதுப்பு நிலத்தை வடித்தல், சாலை அமைத்தல் எனப் பகலெல்லாம் அலுவல். அதற்கிடையில்தான் உலோகத்தில் வெப்பம் பரவும் விதத்தை ஆராய்ந்தார். மூன்று மணி நேரத் தேர்வுக்கே நேரமில்லை என்று புலம்பும் நமக்கு இது வியப்புத்தான்.

1807 டிசம்பரில் தம் கட்டுரையைப் பாரிஸ் அறிஞர் கழகத்துக்கு அளித்தார். எத்தகைய வளைவையும், உடைந்த கோட்டையும் கூட, சைன், கொசைன் அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்பது அதன் சாரம். மதிப்பிட்டவர்களுள் ஒருவர் லக்ராஞ்சி. ஃபூரியருக்கே பாடம் சொன்னவர். வழவழப்பான அலைகளைக் கூட்டினால் கூரிய மூலை எப்படி வரும் என்று அவர் ஏற்க மறுத்தார். கட்டுரை அச்சேறவில்லை. திருத்தி எழுதியது 1812இல் பரிசு பெற்றது. ஆனால் நிறுவல் போதாது என்ற குறையும் கூடவே வந்தது. நூல் வெளிவந்த ஆண்டு 1822. பதினைந்து ஆண்டுக் காத்திருப்பு! லக்ராஞ்சியின் ஐயம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். எந்த நிபந்தனையில் அக்கூட்டுத்தொகை பொருந்தும் என்பதை 1829இல் டிரிச்லே நிறுவிய பின்பே வழக்குத் தீர்ந்தது.

இனி என் நாகசுரத்துக்கு வருவோம். ஒலிவாங்கி காற்றின் அழுத்தத்தை மின்னோட்டமாக்குகிறது. குறுந்தகட்டுக்காக அதை நொடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாக, 16 பிட்டுகளில் குறிக்கப்படும். இடம், வலம் இரண்டுக்கும் சேர்த்து நொடிக்குச் சுமார் 14 லட்சம் பிட்டுகள். எம்.பி.3 இதனைச் சிறு துண்டுகளாக்கி, ஃபூரியர் வழிக்கு நெருங்கிய உறவான கொசைன் மாற்றத்தால், ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு என்று பிரிக்கிறது. பிரித்த பின்புதான் கழிக்க முடியும். தவில் முழங்கும் கணத்தில் பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது நம் காதில் விழுமா? அவ்வாறே, உரத்த அதிர்வெண்ணின் அருகே மறைந்துபோகும் மெல்லியவற்றுக்குக் குறைந்த பிட்டுகளே தரப்படுகின்றன. சில அடியோடு விடப்படுகின்றன. எஞ்சிய எண்களில் அடிக்கடி வருவனவற்றுக்குக் குறுகிய குறியீடும், அரிதாய் வருவனவற்றுக்கு நீண்ட குறியீடும் அமைகின்றன. நொடிக்கு 1,28,000 பிட்டுகள் போதுமானதாகி விடுகிறது. கழிந்தது கழிந்ததுதான், அதைத் திரும்பப் பெற வழியில்லை. தந்தையாரின் குறுந்தகட்டை நான் எறியாததன் காரணம் அதுவே.

ஃபூரியர் இவற்றில் எதையும் கனவிலும் கண்டவரல்லர். அவர் கவலையெல்லாம் வெப்பத்தைப் பற்றியது. 1830 மே 16இல் அவர் பாரிசில் மறைந்தார். ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்கச் செய்த எடிசனின் போனோகிராஃப் வந்தது அதற்கு 47 ஆண்டுகள் கழித்து, 1877இல்.