திசுக்களை இனங்கண்டவர்

சேவியர் பிஷா 1771ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பிறந்தார். பாரிசில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் தெசோவிடம் பயின்றார். 1795இல் ஆசிரியர் மறைந்தபின், அவர் முடிக்காமல் விட்ட எழுத்துப் பணியை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் தம் ஆய்வைத் தொடங்கினார்.

நோய் ஓர் உறுப்பு முழுவதையும் தாக்குகிறது என்றே அக்கால மருத்துவர்கள் பலர் கருதினர். பிஷாவுக்கு அதில் ஐயம் எழுந்தது. இறந்தோரின் உறுப்புகளைப் பிரித்தெடுத்துக் கொதிக்க வைத்தார், உலர்த்தினார், அமிலத்தில் ஊறவைத்தார். நுண்ணோக்கியை அவர் நம்பவில்லை என்பது இன்று நமக்கு வியப்பாக இருக்கும். கண்ணும் கையுமே அவருடைய கருவிகள்.

ஒரே உறுப்பில் பலவகைத் திசுக்கள் இருப்பதை அவர் கண்டார். இதயத்தைச் சூழ்ந்துள்ள சவ்வு அழற்சியுற்றிருந்தாலும் உள்ளே இருக்கும் தசை நலமாக இருக்கலாம். உணவுப்பாதையின் உட்புறத்தைச் சளிச்சவ்வு ஈரமாக வைத்திருக்கிறது. நுரையீரலைப் போர்த்தியுள்ள நீர்ச்சவ்வு உராய்வைக் குறைக்கிறது. இவ்வாறு 21 வகைத் திசுக்களை அவர் வகைப்படுத்தினார். இன்று அவற்றை நான்கு பெரும்பிரிவுகளில் அடக்கிவிடுகிறோம்.

ஒரே குளிர்காலத்தில் 600க்கும் மேற்பட்ட உடல்களை அவர் ஆராய்ந்ததாகக் கூறுவர். ஓய்வில்லா உழைப்பு அவர் உடலை வாட்டியது. 1802 ஜூலையில் மருத்துவமனைப் படிக்கட்டில் விழுந்தவர், காய்ச்சல் கண்டு அம்மாதம் 22ஆம் நாள் இறந்தார். அப்போது அவருக்கு வயது 30. ஈபிள் கோபுரத்தில் பொறிக்கப்பட்டுள்ள 72 பெயர்களுள் அவருடைய பெயரும் ஒன்று.