மராட்டியம் தந்த மருத்துவ மங்கை

புனே நகருக்கு நான் படிக்க வந்த முதல் ஆண்டில் மராத்தி எனக்கு வெறும் ஓசையாகவே இருந்தது. காய்கறி விலை கேட்கவும் பேருந்தில் இறங்குமிடம் சொல்லவும் கற்றுக்கொண்டதோடு நிறுத்திவிட்டேன். அந்நிலையில் ஆய்வுக்கூடத் தோழி ஒருத்தி என் கையில் ஒரு நாவலைத் திணித்தாள். ஸ்ரீ. ஜ. ஜோஷி எழுதிய ‘ஆனந்தி கோபாள்’ என்பது அதன் பெயர். எழுத்துக் கூட்டியும், அகராதியைப் புரட்டியும், அவளை ஓயாமல் தொந்தரவு செய்தும் நான்கு மாதங்களில் படித்து முடித்தேன். மேலை மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் ஒருவரான ஆனந்திபாய் ஜோஷியின் வாழ்வே அக்கதை.

புத்தகத்தின் பெயரே எனக்கு முதற் பாடமாயிற்று. மராத்தியர் வழக்கில் மணமான பெண்ணின் பெயரையடுத்துக் கணவர் பெயர் நிற்கும். அதுமட்டுமன்று, மணமேடையில் பெண்ணின் பெயரையே மாற்றிவிடுவதும் உண்டு. 1865 மார்ச் 31இல் பிறந்த யமுனா, ஒன்பதாம் வயதில், தம்மைவிட ஏறத்தாழ இருபது ஆண்டு மூத்த கோபாள்ராவை மணந்து ஆனந்தியானார். இதென்ன வழக்கம் என்று வியந்தேன். பிறகுதான், திருமணத்தோடு நம் வீட்டுப் பெண்களின் முதலெழுத்தும் மாறிவிடுவது நினைவுக்கு வந்தது.

கோபாள்ராவ் அஞ்சலகத்தில் எழுத்தர். மனைவி படிக்க வேண்டும் என்பதில் வெறி கொண்டவர். படித்தாள் என்று மனைவியை அடிக்கும் கணவர்கள் இருந்த காலத்தில், படிக்காமல் அடுக்களையில் நின்றாள் என்று அடித்தவர் அவர். அவரைப் போற்றுவதா, வெறுப்பதா? அவர் இன்றேல் ஆனந்தி இல்லை என்றாள் தோழி. அடியினால் வந்த கல்வி விடுதலையாகுமா என்று நான் வாதாடினேன்.

விடை ஆனந்தியின் வாழ்விலேயே இருந்தது. பதினான்கு வயதில் அவர் பெற்ற ஆண் குழந்தை, தக்க மருத்துவமின்றிப் பத்தே நாளில் இறந்தது. ஆண் மருத்துவரிடம் நோயைச் சொல்லக் கூசி மாண்ட பெண்கள் அந்நாளில் எத்தனையோ பேர். தாமே மருத்துவராவது என்ற உறுதி அந்தத் துயரத்தில் பிறந்தது. அது கணவர் கற்பித்த பாடமன்று.

கோபாள்ராவின் கடிதம் ஒன்று அமெரிக்கக் கிறித்தவ இதழில் வெளிவந்தது. பல் மருத்துவருக்காகக் காத்திருந்த வேளையில் அதைப் படித்த கார்ப்பென்டர் அம்மையார் நேசக்கரம் நீட்டினார். ஊரார் தூற்றினர். 1883இல் செராம்பூர்க் கல்லூரியில் பொதுமக்கள் முன் நின்று, தாம் ஏன் கடல் கடக்கிறார் என்பதை ஆனந்தி விளக்கினார்; இந்துவாகவே திரும்புவேன் என்றும் உறுதி கூறினார். கணவர் உடன்வராமலே கல்கத்தாவில் கப்பலேறினார். பிலடெல்பியாவிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில், புடைவையையும் மரக்கறி உணவையும் கைவிடாமல், கடுங்குளிரில் பயின்றார். இந்துக்களின் மகப்பேற்று மருத்துவம் பற்றி ஆய்வுரை எழுதி, 1886 மார்ச் 11இல் பட்டம் பெற்றார்.

கோலாப்பூர் மருத்துவமனையில் பெண்கள் பகுதிக்குத் தலைமை மருத்துவர் பதவி காத்திருந்தது. ஆனால் அவர் காசநோயுடன் தாயகம் திரும்பினார். 1887 பிப்ரவரி 26இல், இதே புனே நகரில், இருபத்திரண்டு வயது நிரம்புமுன் மறைந்தார். அவரது அஸ்தி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, கார்ப்பென்டர் குடும்பத்தாரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

நுண்ணுயிரியல் பயிலும் எனக்கு ஓர் எண்ணம் நெஞ்சை விட்டு அகலவில்லை. காசநோய்க் கிருமியை இராபர்ட் கோக் 1882இலேயே கண்டறிந்துவிட்டார். அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் கிடைத்தது. பகைவன் யாரென்று தெரிந்திருந்தும் கையில் படையில்லாத காலத்தில் அவர் மாண்டார். எனக்கு இப்போது வயது இருபத்து மூன்று. அவர் வாழாத வயதை நான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் சோம்பல் தலைகாட்டும்போதெல்லாம் இந்த நினைவு என்னைக் குட்டுகிறது.

இப்போது கடைக்காரர் பேச்சும் தெருவோரத்துச் சண்டையும் எனக்கு வெற்றோசையல்ல. தோழியும் சும்மா இருக்கவில்லை. அ, ஆ எழுதப் பழகுகிறாள். தமிழ்ப் பெண் ஒருத்தியின் வாழ்வைச் சொல்லும் நாவலொன்று வேண்டுமாம். எதைக் கொடுக்கலாம்? மன்றத்து நண்பர்களே, நீங்கள்தாம் சொல்ல வேண்டும்.