ஒப்புக்கொடுத்த வாழ்வு: நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர்

நல்லூர் என்றதும் கந்தசுவாமி கோயிலும் ஆறுமுக நாவலரும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த ஊரின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் தாங்கிய கத்தோலிக்கக் குரு ஒருவரும் இருந்தார். சொற்கலைப் புலவர் என்றும் பன்மொழிப் பண்டிதர் என்றும் அவரைப் பலர் எழுதிவிட்டார்கள். எழுபத்திரண்டு மொழிகள் தெரிந்தவர் என்பாரும் உண்டு. அந்த எண்ணிக்கையை நான் பெரிதாக எடுப்பதில்லை. நமது மலருக்கு அவரை நான் தெரிந்தெடுத்த காரணம் வேறு. கடவுளுக்குத் தம்மைக் கையளித்த ஒருவர் அதற்கு என்னென்ன விலை கொடுத்தார் என்பதே என் விஷயம்.

முதல் விலையைக் கொடுத்தவர் அவருடைய தாயார். 1875 ஆகஸ்ட் 30ஆம் திகதி, மானிப்பாயை அடுத்த சங்குவேலியில், சுவாமிநாதபிள்ளைக்கும் தங்கமுத்துவுக்கும் மகனாக அவர் பிறந்தார். இட்ட பெயர் வைத்திலிங்கம். குடும்பம் சைவக் குடும்பம். பரராசசேகர மன்னனின் வழிவந்தது என்பது மரபு. பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே தகப்பனார் காலமானார். தங்கமுத்து பின்னர் அச்சுவேலியைச் சேர்ந்த தம்பிமுத்துப்பிள்ளை என்ற கத்தோலிக்கரை மறுமணம் செய்தார். அந்நாளில் யாழ்ப்பாணத்து உயர்குடியில் ஒரு கைம்பெண் மறுமணம் செய்வதும், அதோடு சமயம் மாறுவதும், உற்றார் வாசற்படியைத் தாமே அடைத்துக்கொள்வதற்குச் சமம். வரலாற்று நூல்கள் இந்த அம்மையாரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பெண்கள் படித்த பாடசாலையின் மலரிலாவது அவருக்கு இரண்டு வரி கூடக் கிடைக்கட்டும். தாயோடு மகனும் ஞானஸ்நானம் பெற்றார். வைத்திலிங்கம் ஞானப்பிரகாசம் ஆனார்.

வளர்ப்புத் தந்தை அச்சகம் வைத்திருந்தவர், தமிழறிந்தவர். எழுத்தும் அச்சும் பிள்ளைக்கு வீட்டிலேயே பழகின. பின்னர் சம்பத்திரிசியார் கல்லூரியில் ஆங்கிலக் கல்வி. 1893இல் புகையிரதப் பகுதிப் பரீட்சையில் தேறி இலிகிதர் வேலையில் அமர்ந்தார். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று சொல்லும் ஊர் நம்முடையது. பதினெட்டு வயதில் அரசாங்க உத்தியோகம், மாதச் சம்பளம், ஓய்வூதியம், அதற்கேற்ற சீதனம் எல்லாம் கண்முன் வரிசையாக நின்றிருக்கும். (யாழ்ப்பாணத்துக்கு அப்போது ரயில் பாதையே வந்திருக்கவில்லை.) இரண்டே ஆண்டில், 1895இல், வேலையை விட்டுவிட்டு யாழ்ப்பாணக் குருமடத்தில் சேர்ந்தார்.

அவர் சேர்ந்த சபையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமலமரித் தியாகிகள் சபை 1816இல் பிரான்சில் யூஜின் தெ மசனோத் என்ற குருவால் தொடங்கப்பட்டது. அதன் குருமார் 1847இல் இலங்கைக்கு வந்தார்கள். பதினைந்து ஆண்டு கழித்து, 1862இல், திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்து பெண்பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டத் தொடங்கினார்கள்; கன்னியர் மடத்தில் படித்த நமக்கு இந்த உறவு புதிதல்ல. இச்சபையாரின் மூலப்பெயருக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டவர் என்பதே பொருள். தரித்திரம், கற்பு, கீழ்ப்படிவு என்ற மூன்று வார்த்தைப்பாடுகளை எல்லாத் துறவிகளும் கொடுப்பார்கள். இவர்கள் நான்காவதாக ஒன்றும் கொடுப்பார்கள்: சாகும்வரை இதிலேயே நிலைத்திருப்பேன் என்பது. மசனோத் மனிதரை அறிந்தவர் என்று எனக்குத் தோன்றும். ஒருநாள் உணர்ச்சியில் எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம். கொடுத்ததை மறுநாள் காலையில் திரும்ப எடுத்துக்கொள்ளாமல் இருப்பதில்தான் போராட்டம் தொடங்குகிறது.

1901 டிசம்பர் 1ஆம் திகதி குருப்பட்டம். சில ஆண்டுகளில் மேற்றிராணியார் அவரை நல்லூருக்கு அனுப்பினார். அரச குலத்துப் பிள்ளை என்று சொல்லப்பட்டவர் அரசர்களின் பழைய தலைநகருக்குச் சிலுவையோடு திரும்பினார். 1544இல் மன்னாரில் மனந்திரும்பியவர்களை வெட்டுவித்த சங்கிலி ஆண்டதும் அந்த மண்ணிலிருந்துதான். அதன்பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டு நல்லூரே அவருக்கு வீடு. சுற்றுக் கிராமங்களில் சிற்றாலயங்கள் எழுந்தன. அவரிடம் ஞானோபதேசம் கேட்க வந்தவர்களுக்கும், தங்கமுத்து அம்மையாருக்கு நேர்ந்ததுபோல, உறவையும் ஊரையும் பற்றிய அச்சம் இருந்திருக்கும். அந்த வழியைச் சிறுவயதிலேயே கடந்த ஒருவர் அவர்கள் முன்னால் நின்றார்.

அவர் சாந்தமே உருவான மனிதர் என்று எழுதினால் பொய்யாகும். சைவரோடும் சீர்திருத்தச் சபையாரோடும் அவர் நடத்திய பேனாச் சண்டைகள் காரசாரமானவை. அந்தக் கண்டனப் பிரசுரங்கள் சிலவற்றை இன்று படிக்க எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. ஆனாலும் எதிர்த்து எழுதுவதற்காகச் சைவ சித்தாந்தத்தை ஆழ்ந்து கற்றார். எதிரணிப் புலவர்களும் அவர் கல்வியை மதித்தார்கள். நாம் இன்று தேடிப் படிப்பது அவருடைய வரலாற்று நூல்களையும் மொழி நூல்களையுமே. மயில்வாகனப் புலவரின் வைபவமாலையைச் சீர்தூக்கிப் பார்த்த யாழ்ப்பாண வைபவ விமர்சனம் 1928இல் வெளிவந்தது. தமிழ்ச் சொற்களின் வேரைச் சுட்டெழுத்துக்கள்வரை தேடிச்சென்று, பிற மொழிகளோடு ஒப்பிடும் சொற்பிறப்பு அகராதியின் முதற் பாகம் 1938இல் வந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்துமூன்று.

அகராதி எழுதுபவருக்கு வேண்டியது தடையில்லாத நேரம். விசாரணைக் குருவுக்குக் கிடைக்காததும் அதுவே. காலைப் பூசை, பாவசங்கீர்த்தனம், கலியாணம், மரணவீடு. அவஸ்தையில் கிடப்பவருக்கு ஆளனுப்பினால் நடுச்சாமத்திலும் எழுந்து போக வேண்டும். பாதி எழுதிய சொல் மேசையில் காத்திருக்கும். எழுதிய நூல்களால் வந்த பணமும், தரித்திர வார்த்தைப்பாட்டின்படி, அவருடையதல்ல. பேராசிரியர் பதவியில் இருப்போர் உதவியாளர்களோடு செய்யும் வேலையை அவர் இவற்றின் இடைவெளிகளில் செய்தார். ஆசையும் கீழ்ப்படிவும் ஒரே அறைக்குள் இருந்த அந்த நாற்பது ஆண்டுகளை நினைக்கும்போதுதான் ஒப்புக்கொடுத்தல் என்ற சொல்லின் பாரம் எனக்குப் புரிகிறது. சொந்த விருப்பம் கெட்டதாக இருந்தால் விடுவது எளிது. அவருடையதோ நல்ல விருப்பம், தமிழுக்கு வேண்டிய விருப்பம்.

1947 ஜனவரி 22ஆம் திகதி சுவாமி காலமானார். தியாகிகள் இலங்கைக்கு வந்து நூறாவது ஆண்டு அது. அகராதி முற்றுப்பெறவில்லை. அவரிடம் கற்ற தாவீது அடிகள் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து பல ஆண்டு உழைத்தார். 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த அந்த இரவில், தாவீது அடிகளின் உயிரும் பிரிந்தது.