இராபர்ட் வைட் பண்டிதர்

இராயபுரத்தினின்று திருவொற்றியூர் வழியே எண்ணூர் வரை கடலோரமாய்ச் செல்வோருக்கு இன்று துறைமுகமும், பண்டகசாலைகளும், புகைபோக்கிகளுமே பெரும்பாலும் புலனாகின்றன. 1819ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்து இளம் வைத்தியர் ஒருவர் சென்னைக்கு வந்தகாலை இவற்றுள் ஒன்றும் இருந்ததில்லை. கப்பல்கள் கரைக்கு எட்டவே நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்து இயற்றிய மசூலாப் படகுகளில், நம் படகோட்டிகளே பிரயாணிகளையும் சரக்குகளையும் அலைகடத்திக் கரை சேர்ப்பர். துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1875ஆம் ஆண்டிலேயே என்பதை வாசகர் நினைவிற் கொள்க. அவ்வாறு வந்திறங்கிய வைத்தியரே பிற்காலத்தில் தென்னிந்தியத் தாவர சாஸ்திரத்தின் தந்தையரில் ஒருவராய் மதிக்கப்பெற்ற இராபர்ட் வைட் என்பார்.

இவர் 1796ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6ஆம் நாள் பிறந்தார். எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியங் கற்று 1818இல் பட்டம் பெற்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் வைத்தியராக அமர்ந்தவர், ஓய்ந்த வேளையெல்லாம் செடிகொடிகளைத் திரட்டுவதிலேயே கழித்தார். முதலில் தாம் உலர்த்திச் சேர்த்தவற்றைத் கிரேயம் என்பவருக்கு அனுப்பினார். அவற்றை ஏற்றிச் சென்ற கப்பல் நன்னம்பிக்கை முனையருகே உடைந்து, அத்தனையும் கடலுக்கு இரையாயின. பிறரெனில் அத்துடன் கைவிட்டிருப்பர். இவரோ மறுபடியும் தொடங்கினார்.

1826இல் சென்னை அரசாங்கத்தார் இவரை இயற்கைப்பொருள் ஆராய்ச்சியாளராக நியமித்தனர். 1828இல் கவர்னர் லஷிங்டன் அப்பதவியையே எடுத்துவிட்டார். அலுவலகத்துச் சேகரங்கள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. வைட் மீண்டும் பட்டாள வைத்தியராய் நாகப்பட்டினம் சென்றார். அரசாங்கத்தார் சிக்கனம் நாடியது குற்றமென்று நாம் கூறோம். ஆயினும் அச்சிக்கனத்தால் மிஞ்சிய பொருள் யாதென இன்று எவரும் அறியார். வைட் துரையின் நூல்களையோ உலகறியும்.

இங்கு ஒன்று விளக்கவேண்டும். காட்டில் ஒரு செடியை முதன்முறை காண்பதனால் மட்டும் அது புதிய இனமாகிவிடாது. அக்காட்டைச் சூழ்ந்து வாழ்வோர் அதனை நெடுங்காலமாக அறிந்திருப்பர்; பெயரும் மருந்துப் பயனும் கூறுவர். சாஸ்திர முறைப்படி புதிதென்று நிலைநாட்டுதற்குக் கிளையும் இலையும் பூவும் காயும் கெடாமல் உலர்த்திய சான்றுகள் வேண்டும். பூவைப் பிரித்து இதழ், கேசரம், சூற்பை முதலியவற்றின் எண்ணும் அமைப்பும் ஆராய வேண்டும். முன்னோர் எழுதியவை அனைத்தோடும் ஒப்பிட வேண்டும். பின்னரே பெயரிட்டு அச்சிடல் வேண்டும். இறுதியிற் கூறிய ஒப்புநோக்குதலே வைட் துரைக்கு அரிதாயிற்று. நூல்களும் பழைய சான்றுகளும் ஐரோப்பாவில் இருந்தன, செடிகளோ இங்கே. ஆகவே 1831இல் விடுமுறை பெற்றுச் சென்றபோது, ஏறக்குறைய ஒரு லட்சம் உலர்ந்த மாதிரிகளை உடன் கொண்டு சென்றார். அவற்றின் எடை இரண்டு டன் என்பர்! ஆங்கு வாக்கர் ஆர்னட் என்னும் நண்பரோடு உழைத்து, தென்னாட்டுத் தாவரங்களைப் பற்றிய பெருநூலின் முதற்பாகத்தை 1834இல் வெளியிட்டார். இரண்டாம் பாகம் வெளிவரவேயில்லை.

அக்காலத்து அவர் பெயரிட்டு விளக்கிய செடிகளுள் ஒன்றை நம்மனோர் சிறப்பாக அறிதல் தகும். சோழமண்டலக் கரையை அடுத்த வறண்ட காடுகளிலும் இலங்கையிலும் வளரும் முட்செடி அது. சிலவிடத்துச் சிறு மரமாகவும் உயரும். எலுமிச்சைக் குடும்பத்தது, குருந்துக்கு உறவு. தடித்துத் தோல்போன்ற தனியிலையும், வெண்பூவும், உருண்டைக் காயும் உடையது. அதனை வைட் 1833இல் லிமோனியா மிஷனிஸ் என்று வெளியிட்டார். மிஷனிஸ் என்னும் இலத்தீன் மொழிக்கு மிஷனுக்குரியது என்பது பொருள். தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த கேனிக், ராட்லர், கிளைன் முதலியோர் வைட் துரைக்கு முன்னரே இப்பக்கத்துச் செடிகளை உலர்த்தி ஐரோப்பியப் பண்டிதருக்கு அனுப்பி வந்தவர்கள் என்பது பிரசித்தம்.

1834இல் திரும்பி வந்தபின் பருத்தி, புகையிலை முதலிய பயிர்களின் விசாரணை இவர்மேல் சுமத்தப்பட்டது. கோயமுத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிராக்கும் சோதனையில் ஆண்டுகள் பல கழிந்தன. அதனை விரிப்பின் ஏடு பெருகும்.

அலுவல் இத்துணைக்கிடையே அவர் சென்னையிலேயே அச்சிட்டு வெளியிட்ட படநூலைத்தான் நாம் தலையாயதாகக் கொள்வோம். ராக்ஸ்பரோ பண்டிதரின் முந்திய படநூல் அழகியது. ஆயின் விலை மிகுதியால் செல்வர் வீட்டு அலமாரியிலேயே தங்கிற்று. வைட் துரையோ, கல்லச்சில் வண்ணமின்றி எளிய முறையில் படங்களைப் பதித்து, இந்நாட்டில் காடுமலை சுற்றுவோர் கைக்கும் எட்டச் செய்தார். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாய் வந்த அந்நூலில் 2,101 படங்கள் உள.

அப்படங்களை எழுதியவர் யார்? இரங்கையா, அவருக்குப்பின் கோவிந்து என்னும் இந்திய ஓவியர் இருவர். வாடுமுன் செடியைக் கண்டு எழுதியும், பூவின் உள்ளுறுப்புக்களைப் பகுத்துத் தீட்டியும், வைட் துரையின் சொற்களுக்கு உயிர் கொடுத்தவர் அவர்களே. படங்கள் பலவற்றின் அடியில் அவர்கள் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அக்காலத்து இந்திய ஓவியர்க்கு எளிதில் வாய்க்காத மரியாதை இது. கோவிந்துவின் பெயரால் கோவிந்தூயா என ஆர்க்கிட் சாதி ஒன்றையே வைட் நாட்டினார். அச்செடி முன்னரே டிரோபிடியா என்று வகுக்கப்பட்டிருந்த சாதியைச் சேர்ந்ததெனப் பிற்காலத்தார் கண்டனர். முற்பட்ட பெயரே நிற்கும் என்பது அச்சாஸ்திரத்தின் விதி. எனவே நம் ஓவியர் பெயர் வழக்கொழிந்த பெயர்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது. விதி செவ்விதே, ஆயினும் நமக்கு வருத்தமே. காட்டினின்று செடிகளைக் கொணர்ந்த இந்நாட்டு ஊழியர் பலருக்கு அவ்வளவும் கிட்டவில்லை.

1853இல் வைட் இந்தியாவை விட்டு நீங்கினார். இராயபுரத்தில் ரயில் நிலையம் திறக்கப்பட்டது அதற்கு மூன்றாண்டு பின்னரே. இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கருகே நிலம் வாங்கி வேளாண்மை செய்து வாழ்ந்து, 1872ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் காலமானார்.

மிஷன் பெயர்கொண்ட முட்செடியை 1916இல் அமெரிக்க அறிஞர் சுவிங்கிள் தனியே பிரித்து, சிங்களவர் வழங்கும் பெயரைத் தழுவிப் பம்புரஸ் என்று புதிய சாதியாக்கினார். அச்சாதியில் அஃதொன்றே உள்ளது. மிஷனிஸ் என்னும் பின்மொழி மாறவில்லை. அதனையடுத்து, முதலில் விவரித்தவர் என்ற முறையில் வைட் பெயரும் எழுதப்பட்டு வருகிறது.